பாமணி ஆற்றங்கரைப் பாதையை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படிக் குறிப்பது?

கரைவழித் தபால்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் பட்டுவாடா வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், சின்ன ஊர், சொன்னால் ஆள் தெரிந்துவிடும். என் சைக்கிள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. டயர் நான்கு முறை, செயின் இரண்டு முறை, சீட்டு ஒரு முறை மாற்றியாயிற்று. ஃபிரேமும் முன்கூடையும்தான் பழசு. வாரநாளில் கூடையில் தபால் பை. ஞாயிற்றுக்கிழமை அதே கூடையில் போன், தண்ணீர் பாட்டில், பஞ்சர் ஒட்டும் சாமான். சீமைக்கருவேல் மண்டிய கரையில் சொல்யூஷனும் உப்புத்தாளும் இல்லாமல் போய் ஒருமுறை நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் புத்தி வந்தது.

ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு கரையைப் பிடித்துப் போய்க்கொண்டே இருப்பேன். எனக்கு ரொம்பப் பிடித்தது பாமணியின் கிழக்குக் கரை. மன்னார்குடியில் ஏறி, தண்ணீருக்கு எதிர்த்திசையில் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு வரை போகலாம். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியும் பிரிகிற இடம் அது. எங்கள் பக்கம் மேட்டூர் திறந்த செய்தி டிவியில் வந்தாலும் யாரும் அசைய மாட்டார்கள். "மூணாறு தலைப்புல வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்றங்காலைப் பற்றிப் பேச்சே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வயல் நடுவே நெட் கிடைக்காது என்பதால், நெட் இல்லாமலே ஓடுகிற ஆர்கானிக் மேப்ஸ் போனில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் வருவது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். அதில் இந்தக் கரை ஒரே கோடாக, ஏதோ நல்ல ரோடு மாதிரி, தலைப்பு வரை போகிறது. யாரோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலிருந்து வரைந்திருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, அந்தக் கோடு இல்லையென்றால் நானும் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன். ஆனால் கீழே இருப்பது வேறு. கொஞ்ச தூரம் தார். அப்புறம் கப்பி பெயர்ந்து கிடக்கிற பழைய ரோடு. அப்புறம் டிராக்டர் தடம், நடுவில் புல். அதற்கும் மேலே ஆடு மேய்க்கிறவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடி.

நடுவில் ஒரு இடம் இருக்கிறது. வாய்க்கால் பிரிகிற மதகு. மேலே மூடியிருந்த சிமெண்ட் பலகை என்றோ இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பழைய கரண்ட் கம்பம் இரண்டைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே செருப்பு நுழைகிற அளவு சந்து. சைக்கிள் டயர் சரியாக அதற்குள் இறங்கும், அளவெடுத்து விட்டது போல. நான் கண்டுபிடித்த வழி இது: சைக்கிளை இடது பக்கக் கம்பத்தின் மேல் உருட்டிவிட்டு நான் வலது பக்கக் கம்பத்தில் நடப்பேன். கூடையில் கனம் இருந்தால் ஹேண்டில்பார் திரும்பும், அதனால் பாட்டிலை முதலில் எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டும். பைக் போகாது. மேப்போ, "நேராகச் செல்லவும்" என்கிறது.

இதை எப்படித் திருத்துவது? தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் இருக்கிறது, அதில் அந்த மேப்பைத் திருத்துகிற ஐடி எடிட்டர் திறந்து ஒரு வாய்க்காலை மட்டும் பயந்து பயந்து வரைந்து பார்த்தேன். கம்பத்தைப் பாலம் என்று போடலாமா, போட்டால் கார்க்காரன் நம்பி வந்துவிடுவானா? இன்னொன்று, போனில் பதிவு செய்த ஜிபிஎக்ஸ் தடத்தை மேலே வைத்துப் பார்த்தால் பாதி தூரம் நான் ஆற்றுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்! படம் தப்பா, போன் தப்பா? ஆற்றின் பெயரும் குழப்பம். எனக்கு வருகிற தபாலிலேயே பாமணி என்றும் பாமினி என்றும் எழுதுகிறார்கள். அப்புறம் பட்டுவாடாவுக்கு நான் குறுக்கே புகுந்து போகிற வரப்புகள் சில உண்டு, சுற்றுவழி பாதியாகக் குறையும். அவற்றையும் வரையலாமா?

---

குடந்தைக் கோடு
ஞாயிறு, இரவு 10.55

சகோதரி, முதலில் அந்த ஒற்றைக் கோட்டைத் துண்டு போடுங்கள். ஐடி எடிட்டரில் தார் முடிகிற புள்ளியைத் தொட்டால் கத்தரிக்கோல் படம் வரும், அதுதான் பிரிக்கிற கருவி. கப்பி, டிராக்டர் தடம், ஒற்றையடி, ஒவ்வொன்றும் தனித் துண்டு ஆகட்டும். தார்த் துண்டில் யாரோ போட்டதை அப்படியே விடுங்கள். டிராக்டர் போகிற துண்டுக்கு "ஹைவே=டிராக்" என்று டேக், அதாவது கோட்டோடு ஒட்டுகிற குறிப்பு, போடுங்கள். அதோடு "டிராக்டைப்" என்று இன்னொரு டேக் உண்டு, கிரேடு 1 முதல் 5 வரை. 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் மெத்தென்ற வெறும் மண். கப்பிக்கு 2, புல் முளைத்ததற்கு 4 என்று உங்கள் கண்ணுக்குப் பட்டதைப் போடுங்கள். கூடவே "சர்ஃபேஸ்" எழுதிவிடுங்கள். ஒற்றையடிக்கு "ஹைவே=பாத்".

கம்பம் பாலம்தான், சந்தேகமே வேண்டாம். மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நடுவில் மிஞ்சுகிற சின்னத் துண்டுக்கு "பிரிட்ஜ்=எஸ்", "லேயர்=1", "ஹைவே=பாத்", "பைசைக்கிள்=டிஸ்மவுண்ட்". கடைசியாகச் சொன்னது, இறங்கித் தள்ளு என்று அர்த்தம். கார், பைக்குக்கு வழிகாட்டும் செயலிகள் அந்தத் துண்டைக் கண்டதும் வேறு வழி தேடும். மூன்று மீட்டர் நீளத் துண்டுதான், ஆனால் உங்கள் மொத்தக் கரையிலும் முக்கியமானது அதுதான்.

ஆற்றுக்குள் சைக்கிள் விட்ட கதைக்கு வருவோம். மரத்தடியில் போன் ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். உங்கள் கரையின் அகலம் என்ன, மூன்று மீட்டர் இருக்குமா? அப்படியானால் ஐந்து மீட்டர் பிசகினாலே தண்ணீர். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று நான்கைந்து தடம் சேருங்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகும், அந்தப் பின்னலின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒப்பிட்டால் படமே ஒரு பக்கமாக நகர்ந்திருப்பது சில இடங்களில் தெரியும். அப்போது பின்னணி அமைப்பில் படத்தை நகர்த்திச் சரிசெய்துவிட்டு வரையுங்கள். கூடையில் போனைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் மேல்.

பெயருக்கு, பாலத்தில் போர்டு இருந்தால் அதில் உள்ளது "நேம்". மற்ற வழக்கு "ஆல்ட்_நேம்". இரண்டையும் தேடினாலும் கிடைக்கும். கூகுள் மேப்பைப் பார்த்து மட்டும் எதையும் எடுத்து எழுதாதீர்கள், அது அவர்கள் சொத்து. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கியதே, அப்படி யாரையும் அண்டாமல் நாமே அளந்து நாமே வைத்துக்கொள்ளத்தான். தபால் ஆபீஸ் விலாசக் குறிப்பும் அப்படியே, அதை வீட்டுக்கு வீடு ஏற்றிவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டேன். நீங்கள் வரைந்த வாய்க்காலைத் தேடிப் பார்த்தேன். தண்ணீர் வயலிலிருந்து ஆற்றுக்கு ஏறி ஓடுகிறது. நீர்வழிக் கோட்டைத் தண்ணீர் போகும் திசையில்தான் இழுக்க வேண்டும், கோட்டின் மேல் அம்புக்குறி அதைத்தான் காட்டும். கோட்டைத் தேர்ந்தெடுத்து ரிவர்ஸ் கொடுத்தால் போதும்.

---

லஸ்கர் மகன்
திங்கள், காலை 6.10

அக்கா, எங்கப்பா இதே ஆற்றில் லஸ்கராக, அதாவது மதகு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவர். மதகுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கரையிலேயே போய்வருவார். மேலே சொன்ன டேக் எல்லாம் சரியாக இருக்கலாம். நீங்கள் எந்த மாசம் பார்த்ததை எழுதப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஜனவரி 28 மேட்டூர் அடைக்கும் தேதி. அதற்கப்புறம் கரை நன்றாகக் காயும். களிமண் காய்ந்தால் சிமெண்டு, சைக்கிள் சல்லென்று போகும், வெடிப்பில் மட்டும் சக்கரம் இறங்காமல் பார்க்க வேண்டும். மாசி பங்குனியில் தார் இருக்கிற இடமெல்லாம் நெல் காயும். அங்கே இறங்கித் தள்ளுங்கள், நெல்மேல் ஏற்றினால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். சித்திரை, வைகாசியில் தூர் வார ஜேசிபி வரும். உள்ளே இருக்கிற மண்ணை வெட்டிக் கரைமேலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த ரெண்டு மாசம் உங்கள் ஒற்றையடியே இருக்காது, இடுப்புயரக் கட்டிதான் இருக்கும். அது மழையில் கரைந்து, ஆள் நடந்து, மறுபடி தடம் விழ ஆடி ஆகிவிடும். ஜூன் 12 திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள், நம் பக்கம் வர இன்னும் கொஞ்சம். ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். நாலு மிதி மிதித்தால் மட்கார்டுக்குள் களி அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். குச்சியை வைத்து நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உடைப்பு பயம் வந்தால் மணல் மூட்டையும் அங்கேதான் அடுக்குவார்கள்.

தூர் மண்ணை ரோட்டில் தடை என்று மேப்பில் போட்டுவிடாதீர்கள், ஆவணிக்கு அது பொய்யாகிவிடும்.

வரப்பு வேண்டவே வேண்டாம். வரப்பு பாதை இல்லை அக்கா. உங்களை விடுகிறார்கள் என்றால் நீங்கள் முதியோர் பென்ஷன் பணம் கொண்டு வருகிறீர்கள் என்று விடுகிறார்கள். வருஷா வருஷம் அண்டை வெட்டுகிறபோது ஒரு மம்மட்டி அளவு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரும், அதற்கே ரெண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோன ஊர் எங்கள் ஊர். அதில் நீங்கள் வேறு கோடு போட்டு, "மேப்புலயே வழின்னு இருக்கு" என்று எவனாவது பைக்கில் வந்தால் நன்றாகவா இருக்கும்? கரை அரசாங்கப் புறம்போக்கு, அதை வரையுங்கள்.

---

குடந்தைக் கோடு
திங்கள், காலை 8.20

வரப்பைப் பற்றி நான் சொல்ல மறந்ததை இவர் சொல்லிவிட்டார். முழுக்கச் சரி.

ஈரத்துக்கு ஒரு வழி உண்டு. "பைசைக்கிள்:கண்டிஷனல்" என்று எழுதி, "நோ @ வெட்" என மதிப்புக் கொடுக்கலாம். ஈரமாக இருந்தால் போகாதே என்று பொருள். எல்லாச் செயலியும் இதைப் படிக்காது, ஆனாலும் தகவல் உள்ளே இருக்கும். தூர் வாருவது போன்ற தற்காலிகச் சங்கதிக்கு மேப்பில் "நோட்" ஒன்று குத்திவைத்தால் போதும், முடிந்ததும் யாராவது மூடிவிடுவார்கள்.

---

சும்மா பார்வையாளன்
திங்கள், மதியம் 1.30

கேட்கிறேன் என்று தப்பா நினைக்காதீங்க. கூகுளிலேயே எல்லாம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எதுக்கு இந்த வேலை? சம்பளமா கொடுக்கிறார்கள்?

---

கரைவழித் தபால்
அடுத்த ஞாயிறு, இரவு 8.15

பார்வையாளன் சார், சம்பளம் இல்லை. கஜா புயல் வந்தது 2018 நவம்பரில். மறுநாளைக்கு மறுநாள் வெளி மாவட்டத்திலிருந்து அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி மெயின் ரோட்டில் வந்து நின்றது. ரோட்டில் தென்னை மரங்கள் குறுக்கே கிடந்தன. டவர் இல்லை. டிரைவர் கையில் இருந்த போனில் எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடம் வெறும் பச்சை. நானும் எதிர்வீட்டு அண்ணனும் முன்னால் சைக்கிளில் போய்க் கரைவழியாகக் கூட்டிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் ரோட்டோரம் நிற்காமல் இருந்திருந்தால் அந்த லாரி வேறு ஊருக்குப் போயிருக்கும். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். போன் நிமிர்ந்து நிற்க, கூடையில் பழைய தபால் அட்டைகளை மடித்து முட்டுக் கொடுத்தேன். போகவர இரண்டு தடம், போன வாரத்துடையது ஒன்று, மொத்தம் மூன்று. மூன்றையும் வைத்தால் படம்தான் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தது, மேற்குப் பக்கமாக இழுத்தேன். ஆற்றைவிட்டு வெளியே வந்தாயிற்று.

கோட்டை ஐந்து துண்டாக வெட்டினேன். தார் முடிகிற இடம் நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. வழக்கமாகப் பேசிக்கொண்டே போவதில் கவனித்ததில்லை. (தனியாகத்தான் போகிறேன். பேச்சு சைக்கிளோடு.) வாய்க்காலையும் திருப்பிவிட்டேன், இப்போது தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறது.

அந்த வாய்க்காலுக்குப் பெயர் எழுதப் போனபோதுதான் வேடிக்கை. போர்டு துருப்பிடித்து முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தவிர ஒன்றும் தெரியவில்லை. மதகில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன், ஒரு பெயர் சொன்னார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, "அது அவுங்க ஊர்ல சொல்றது" என்று வேறு பெயர் சொன்னார். கடலைக் கொல்லைக்குப் போகிறவர் ரெண்டும் இல்லை, நம்பர் வாய்க்கால் என்றார். மூன்று பேரும் என் எதிரிலேயே கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்தார்கள். துருப்பிடித்த போர்டின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஆட்டுக்கார அம்மா சொன்னதோடு பொருந்தியது, அதை "நேம்" ஆக்கினேன். பெரியவர் சொன்னது "ஆல்ட்_நேம்". நம்பரை விட்டுவிட்டேன், அவரிடம் சொல்லாதீர்கள்.

லஸ்கர் மகன் தம்பி, வரப்பு எதையும் தொடவில்லை. நீங்கள் சொன்ன பென்ஷன் விஷயம் உண்மைதான், யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் ஈரத்துக்கான டேக்கை ஒற்றையடித் துண்டுக்கும் டிராக்டர் தடத்துக்கும் போட்டிருக்கிறேன். உங்கள் அப்பா எந்தக் கரையில் சைக்கிள் விடுவார், கிழக்கா மேற்கா? மேற்குக் கரையில் நான் போனதே இல்லை.

கம்பப் பாலத்தைப் போடும்போது மட்டும் கை நின்றது. நீளம் என் காலால் நான்கு எட்டு. அகலம் என்று ஒரு கட்டம் கேட்டது. இரண்டு கம்பம், நடுவில் சந்து. எவ்வளவு என்று போடுவது? 0.5 மீட்டர் என்று போட்டுவிட்டேன்.

---

லஸ்கர் மகன்
திங்கள், காலை 5.50

மேற்குக் கரைதான் அக்கா. அப்போது அந்தப் பக்கம் புளியமர நிழல். இப்போது மரம் பாதி இல்லை. மேற்குக் கரையில் உங்கள் மதகு மாதிரி தொல்லை கிடையாது, ஆனால் ஒரு இடத்தில் காட்டாமணக்கு மண்டி, சைக்கிளை மேலே தூக்கிக்கொண்டு போகணும். அரிவாள் எடுத்துப் போங்கள்.

---

தஞ்சை ரெண்டு சக்கரம்
வியாழன், இரவு 9.05

இந்தப் பேச்சைப் படித்துவிட்டு இன்று லீவு போட்டு வந்தேன். ரயிலில் நீடாமங்கலம், அங்கிருந்து தலைப்பு, தலைப்பிலிருந்து கீழ்நோக்கி மன்னார்குடி. நீங்கள் திருத்திய மேப்பைத்தான் போனில் வைத்திருந்தேன். ஒற்றையடி, புல், கப்பி எல்லாம் எழுதியபடியே இருந்தது. அடுத்த முறை வடுவூர் ஏரிப் பக்கம் வடவாற்றுக் கரையில் இதே மாதிரி செய்யலாம் என்று ஆசை வந்திருக்கிறது, யாராவது சேர்கிறீர்களா?

ஒரே ஒரு சந்தேகம். மதகில் கம்பம் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்தபோது ஒன்றுதான் கிடந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் மேல் நடந்தேன், நடுவில் கொஞ்சம் ஆடியது. நான் பார்த்தது வேறு மதகா?

---

கரைவழித் தபால்
வியாழன், இரவு 9.30

அதே மதகுதான். எப்படியும் நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது, பார்க்கிறேன்.

---

கரைவழித் தபால்
வெள்ளி, மதியம் 2.10

ஒன்றுதான். இன்னொன்றைச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் உத்தரமாகப் பார்த்தேன். கேட்டால், "முந்தியே எங்களுதுதான், இரவல் கொடுத்தது" என்கிறார்கள். அகலத்தை 0.2 ஆக்கிவிட்டேன். "பைசைக்கிள்=நோ" என்றும் மாற்றியிருக்கிறேன், தோளில் தூக்குவதைச் சைக்கிள் போகும் என்று சொல்ல மனசு வரவில்லை. வடவாற்றுக்கு நான் வருகிறேன், ஆனால் ஞாயிறு மட்டும்தான்.